மெட்ராஸிலிருந்து வந்த மெக்கானிக்

அன்புள்ள குமரேசனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னை நேரில் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், மற்றபடி நன்றாகவே இருக்கிறாய். குவைத்துக்குப் போவதைச் சொல்லிக்கொள்ள வந்தாய். அம்மா கையால் சாப்பிட்டாய். புறப்படும்போது ஷெட்டுக்குப் போய், காரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தாய். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். ஏசி கம்ப்ரஸருக்குப் போகிற பெல்ட் அங்கே இல்லை என்பதை நீ பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். பானெட்டைச் சத்தமில்லாமல் இறக்கி மூடினாய். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "வித்துடுங்க நைனா. பழைய வண்டி. எதுக்கு வெச்சிகினு கஷ்டப்படறீங்க" என்று சொன்னாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாய்.

வரும் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாய். மூன்று வருஷ ஒப்பந்தம் என்கிறாய். நீ போட்டுக் கொடுத்த ஏசி சரியில்லை என்று நான் தீர்மானித்து, அதை முடக்கிப் போட்டுவிட்டேன் என்ற நினைப்போடு நீ போய்விடக் கூடாது. அங்கே போய் ஒவ்வொரு முறை ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போதும் அந்த நினைப்பு உனக்கு வரக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லியிருக்கலாம் என்பாய். உண்மைதான். எனக்குப் பேச்சு எப்போதும் காரியம் முடிந்து, ஆட்கள் எழுந்து போன பிறகுதான் வரும். முப்பது வருஷம் நெசவாளர் சங்கத்தில் செயலாளராக இருந்தேன் என்றுதான் பேர். கூட்டத்தில் நான் பேச நினைத்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம்தான் பேசியிருக்கிறேன்.

அந்தக் கார் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்பது உனக்குத் தெரியும். என்றாலும் ஒழுங்காக முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள். அது உன் அம்மாவைப் பெற்றவர் ஜரிகை வியாபாரத்தில் நன்றாக இருந்த காலத்தில் வாங்கிய அமெரிக்க வண்டி. ஆரணியில் அதற்குக் கப்பல் என்று பேர். முன்பக்கம் வெள்ளி மூக்கு, உள்ளே சோபா மாதிரி ஸீட், தெருவில் திரும்பினால் பாதித் தெரு அடைபடும். அவர் போன பிறகு அது அம்மாவுக்கு வந்தது. நான் அதில் ஏறி உட்காரும்போதெல்லாம், யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவனைப் போலத்தான் உட்காருவேன். சங்கத்துக்குச் சைக்கிளில்தான் போய் வந்தேன். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் கார். அவளுக்கு வெயில் ஆகாது. ஒற்றைத் தலைவலி வந்துவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது. கண்ணமங்கலம் வருவதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும், வாந்தி எடுக்க.

நீ பாலிடெக்னிக்கை முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போனபோது, நான் உன்னோடு ஆறேழு மாதம் பேசவில்லை. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் கார்களுக்கு ஏசி பொருத்தும் வேலை கற்றுக்கொள்கிறாய் என்று அம்மாதான் சொன்னாள். ஊரில் யாராவது பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "மெட்ராஸ்ல இன்ஜினியரிங் லைன்ல இருக்கான்" என்பேன். லைன் என்ற அந்த வார்த்தையைச் சேர்த்துவிட்டால் பொய்யாகாது என்று எனக்கு ஒரு கணக்கு. இப்படிச் சின்னச் சின்னக் கணக்குகளிலேயே காலத்தை ஓட்டியவன் உன் அப்பன்.

எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் நீ ஒரு கோணிப்பையும் இரண்டு அட்டைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். புதுப்பேட்டையில், உடைக்க வந்த ஒரு வெளிநாட்டு வண்டியிலிருந்து கம்ப்ரஸரைப் பார்த்துப் பார்த்து எடுத்ததாகச் சொன்னாய். அம்மா சொன்னது ஒன்றுதான்: "எங்கப்பா கை வெச்ச டேஷ்போர்டு குமரு. அதுல ஒரு ஓட்ட கூட போடக் கூடாது." நீ சிரித்தாய். அந்த ஒரு பேச்சுக்காக, குளிர்ப்பெட்டியை டேஷ்போர்டுக்குக் கீழே, ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே தொங்கவிடுகிற மாதிரி இரும்புப்பட்டி வளைத்தாய். வண்டியின் ஆறு வோல்ட் பாட்டரி அந்தக் காற்றாடிக்குப் போதாது என்று ஒயரிங் முழுவதையும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினாய். ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு ரேடியேட்டர் மாதிரி ஒன்றை நிறுத்தினாய். கம்ப்ரஸரைத் தாங்க இன்ஜின் பக்கத்தில் நீயே பட்டறையில் அடித்துக்கொண்டு வந்த இரும்புத் தாங்கி. நான் திண்டாட்டத்தோடு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க ஆசை. கிரீஸ் கறையோடு தெருவில் மல்லாந்து படுத்திருக்கும் உன்னைத் தெருவே பார்க்கிறதே என்று கூச்சம். இரண்டும் சேர்ந்து என்னை ஓரிடத்தில் நிற்க விடவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வேலை முடிகிற நேரம். மாவட்டத்திலிருந்து கூட்டுறவு அதிகாரி திடீரென்று ஜீப்பில் வந்து வீட்டு வாசலில் இறங்கினார். சங்கத்தைப் பார்வையிட மறுவாரம் வருவதாக இருந்தவர், வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்ததால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். நல்ல மனிதர், தமாஷாகப் பேசுவார். ஆனால் அதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறவன் நான். பானெட் திறந்திருக்கிறது. புது ரப்பர் குழாய்கள் பளபளக்கின்றன. வண்டிக்கு அடியிலிருந்து உன் கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

"என்ன சார், காருக்கு ஆபரேஷன் நடக்குதா?" என்றார்.

அந்த ஒரு நொடியில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நூல் பறக்கும் என்று மே மாதத்தில்கூட ஃபேன் போடாமல் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நெசவாளிகளின் சங்கத்துக்கு நான் செயலாளர். அந்தச் செயலாளர் வீட்டு வாசலில் ஏசி கார். இவர் என்ன நினைப்பார்? மகன் போட்டான் என்றால், இன்ஜினியரிங் லைனில் இருக்கும் மகன் ஏன் வண்டிக்கடியில் கிடக்கிறான்? பதில் தேடும் நேரத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இது மாமனார் வீட்டு வண்டி சார். அவங்கதான் ஏசி போடச் சொன்னாங்க. இவர் மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கிற மெக்கானிக்."

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது. அதிகாரி குனிந்து உன்னிடமே பேசினார். "ஏம்பா, என் ஜீப்புக்கு இதெல்லாம் போட முடியுமா?"

"ஜீப்புக்கு மொதல்ல கதவு போடணும் சார். அப்பறமா ஏசிய பாக்கலாம்" என்றாய் நீ, கீழேயிருந்தபடியே.

அவர் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். நீ வெளியே உருண்டு வந்து எழுந்தாய். முகத்தில் எண்ணெய்க் கறை. என்னை நேராகப் பார்த்து, "சார், குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டாய். அதில் கோபம் இல்லை குமரேசா. கேலியும் இல்லை. என் பொய் கலைந்துவிடாமல் நீ தாங்கிப் பிடித்தாய், அவ்வளவுதான். அதை நான் அன்றே புரிந்துகொண்டேன். புரிந்தும், தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன்.

வெயில் நேரம் என்பதால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், அவரும் இருந்துவிட்டார். உள்ளே அம்மா மூன்று இலை போட்டு வைத்திருந்தாள். "குமரு எங்க? கைய கழுவிகினு வரச் சொல்லுங்க." நான் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாது? யாரு மெக்கானிக்கு?"

"மெதுவாப் பேசு."

"நான் ஏங்க மெதுவாப் பேசணும்? எங்கப்பா காரு. என் புள்ள போட்ட ஏசி. இதுல உங்களுக்கு இன்னா வந்துச்சு வெக்கம்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் அவள் பரிமாறவில்லை; எல்லாவற்றையும் பாத்திரத்தோடு கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள். கிணற்றடியில் உனக்கு எதிரே உட்கார்ந்து அவளும் உன்னோடு சாப்பிட்டாள். அங்கே நீ சொன்னதை வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள். "விடும்மா, நைனாவுக்கு பயம். நமக்கு இன்னா, சோறு அதே சோறுதானே" என்றாயாம். கூடத்தில் அதிகாரி ரசம் ஊற்றிக்கொண்டே, "அந்தப் பையனுக்கும் சாப்பாடு போடச் சொல்லுங்க சார், வெயில்ல கெடக்கிறான்" என்றார். "ஆச்சு சார்" என்றேன்.

வெயில் தாழ்ந்ததும், வண்டி குளிர்கிறதா என்று தானும் ஏறிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். பின்னால் அவர், முன்னால் உன் பக்கத்தில் நான். நீ ஓட்டினாய். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நீ ஸ்விட்சைப் போட்டதும் குளிர்ந்த காற்று முழங்காலில் வந்து மோதியது. ஆரணியில், மே மாதத்தில், அந்தக் காற்று! "பிரமாதம்ப்பா!" என்றார் அவர் பின்னாலிருந்து. எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. அதைக் காட்டிக்கொள்ள முடியாத இடத்தில் என்னை நானே உட்காரவைத்துக்கொண்டிருந்தேன்.

நெசவாளர் தெருவில் திரும்பியபோது பாவு நீட்டியிருந்தார்கள். காலையில் முடியாமல் போனதை மாலையில் போட்டிருப்பார்கள் போல. அரக்கு நிறப் பட்டு நூல், தெரு நீளத்துக்கு, இடையிடையே குச்சி கொடுத்து இழுத்துக் கட்டியிருந்தது. இந்த ஊரில் பிறந்த உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாவு நீட்டியிருந்தால் லாரியானாலும் கலெக்டரானாலும் வண்டி நிற்க வேண்டும், இன்ஜினை அணைக்க வேண்டும். புகைக் கரி பட்டில் பட்டால் போகாது. ஆட்கள் இறங்கி நின்று நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தால், பாவைச் சுருட்டியதும் வழி கிடைக்கும். உன் கை சாவிக்குப் போனது. "அணைச்சிடறேன் சார், பொக போவும்" என்றாய்.

"இருக்கட்டும். சார் உக்காந்திருக்கார் இல்ல" என்றேன் நான். இன்ஜினை அணைத்தால் குளிர் நின்றுவிடும். அவர் அப்படி எதையும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் ஏகாம்பரம். சின்னப் பையனாக நீ பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வராமல் போய் உட்கார்ந்திருந்தது அவர் தறி வீட்டில்தான். அவர் காரை உற்றுப் பார்த்தார். உன்னைக் கண்டுகொண்டார். முனையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக உன் பக்கக் கண்ணாடிக்கு வந்து குனிந்தார். அவர் உதடு "அட, குமரு" என்று அசைவது தெரிந்தது. காற்றாடி இரைச்சலில் உள்ளே எதுவும் கேட்கவில்லை. விரலால் கண்ணாடியைத் தட்டினார். நீ கைப்பிடியைச் சுற்றப் போனாய். கண்ணாடி இறங்கினால், "செக்ரட்டரி புள்ள" என்று அவர் சத்தமாகச் சொல்லிவிடுவார். பின்னால் இருப்பவர் காதில் விழுந்துவிடும்.

"கண்ணாடிய எறக்காதப்பா. ஏசி போயிடும்" என்றேன்.

உன் கை நின்றுவிட்டது. ஏகாம்பரம் இன்னும் ஒருமுறை தட்டினார். பிறகு என் பக்கம் பார்த்தார். நான் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வெறும் முகமாகி, திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

வண்டி ஓடினால்தான் ரேடியேட்டருக்குக் காற்று. நின்றபடியே இன்ஜினையும் ஏசியையும் ஓட்டினால் அந்தக் காலத்து வண்டி எவ்வளவு நேரம் தாங்கும்? இது எனக்கே தெரிந்த விஷயம். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பார்த்துவிட்டு, "முள்ளு ஏறுது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய். "கொஞ்சம் பொறு, இப்ப சுருட்டிடுவாங்க" என்றேன். நீ அதற்கு மேல் என்னிடம் கேட்கவில்லை. ரிவர்ஸ் போட்டு, தலையை வெளியே நீட்டாமலே, தெருமுனை வரைக்கும் வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாய். நிறுத்திய உடனே கொதித்தது. துருத் தண்ணீர் முன்பக்கத்திலிருந்து பீய்ச்சி அடித்தது. நான் சொன்னதைக் கேட்டு நீ இன்னும் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றிருந்தால், அந்தத் துருத் தண்ணீர் முழுக்க ஏகாம்பரம் வீட்டுப் பட்டின் மேல் விழுந்திருக்கும்.

அதிகாரி இறங்கி நின்று, ஆவியைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், உங்க மெக்கானிக் சரியில்லையே?"

"ஆமா சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சரியில்லதான்" என்றும் சொன்னேன்.

நீ கந்தல் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கையை வைத்திருந்தாய். நான் சொன்னது உன் காதில் விழுந்தது. உன் பின்கழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பாவை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, ஏகாம்பரம்தான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். "கைய எடு கண்ணு, சுடப்போவுது" என்று அவர் உன்னிடம் சொன்னபோது, நான் அதிகாரியை அழைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அவ்வளவு வேகமாக என் வாழ்நாளில் நடந்ததில்லை.

ஜீப்பில் ஏறும்போது அவர் என்னைத் தனியாக ஓரமாக அழைத்தார். நம் கூடத்தில், நீ எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது மூன்று பேரும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருக்கிறது அல்லவா? சாப்பிடும்போது நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"போட்டோவ சாப்பிடும்போதே பாத்துட்டேன் சார்" என்றார். "அங்க தெருவுல நான் வெளையாட்டுக்குத்தான் அப்படிச் சொன்னேன். 'இல்ல சார், அவன் என் பையன், அவன் வேலை சரியா இருக்கும்'னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வரேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவர் சங்கத்துக்கு வந்தபோதெல்லாம் நல்லபடியாகவே பேசினார். ஏசியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. யாரிடமிருந்து உன்னை மறைத்தேனோ, அவரிடம் மறைக்க வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை.

நீ அன்று இரவே பையை எடுத்துக்கொண்டாய். போகுமுன் ரேடியேட்டரைக் கழுவி, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் போனாய். படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "வரேன் சார்" என்றாய், பாதிச் சிரிப்போடு. அம்மா உன் முதுகில் ஒன்று வைத்தாள். "வாய்லயே போடுவேன். நைனான்னு சொல்லிட்டுப் போடா." நீ சொன்னாய். நான் கூடத்துக்குத் திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகு நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் அம்மா பேருக்கே வந்தன. ஒன்றில், "நைனா சொன்னது சரிதான், இன்னும் பெரிய ரேடியேட்டர் போட்டிருக்கணும், என் தப்பு" என்று எழுதியிருந்தாய். அதை அவள் வாசித்துக் காட்டியபோதாவது நான் பேனாவை எடுத்திருக்க வேண்டும்.

இப்போது எழுதுகிறேன், கேள். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அது கொதித்தது என்னால். நிற்கிற வண்டியில் இன்ஜினை ஓடவைத்தது நான். அதன்பிறகு இரண்டு கோடைகள் அந்த வண்டியில் வேலூருக்குப் போய் வந்தோம். கண்ணமங்கலம் தாண்டி அந்த மொட்டை வெயில் சாலையில்கூட முள் பாதியைத் தாண்டவில்லை. அம்மா வாந்தி எடுக்கவில்லை. தூங்கினாள் குமரேசா. பின் ஸீட்டில் காலை நீட்டிப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். என் மகன் செய்த வேலை என்று அந்தக் காலிச் சாலைக்குச் சொல்லிக்கொள்வேன். ஆள் இருக்கும் இடத்தில் சொல்ல வரவில்லை.

அப்புறம் பெல்ட் தேய்ந்து பிய்ந்தது. நான்தான் கழற்றினேன். வேறு பெல்ட் வேண்டுமென்றால் உனக்கு எழுத வேண்டும். உனக்கு எழுதுவதென்றால் முதல் வரியில் இதையெல்லாம் எழுத வேண்டும். பெல்ட் அனுப்பு என்று மட்டும் எப்படி எழுதுவது? ஒரு மெக்கானிக்குக்கு எழுதுகிற கடிதமாக அல்லவா அது இருக்கும்? இப்படி நினைத்து நினைத்தே நாளைக் கடத்தினேன். வேலூரில் வாங்கலாம் என்றாள் அம்மா. அளவு தெரியவில்லை, பார்க்கலாம் என்றேன். மறுபடியும் ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஒரு நாள் கண்ணமங்கலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க மானத்துக்கு நான் எத்தினி வருஷம் வேவணும்?" நான் சொம்பை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நெசவாளிகள் மத்தியில் ஏசி காரில் போவதற்குக் கூச்சப்பட்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் நீ பட்டம் வாங்கி, டை கட்டிக்கொண்டு வந்து, ஆட்களை வைத்து அதே ஏசியைப் பொருத்தியிருந்தால், அந்த அதிகாரியைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருப்பேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆனது. படித்தவன், ஒழுங்கானவன் என்று பேர் எடுத்தவனுக்கு இந்த ஒன்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுவது தகப்பன்களின் வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பது சந்தேகம். என்றாலும் எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் சும்மா கொடுத்துவிடாதே. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கொடு. கொதிக்கிற எதன் மேலும் வெறும் கையை வைக்காதே. மேலதிகாரிகளிடம் பயம் இருந்தால் இருக்கட்டும்; என் பிள்ளைக்குக் கொஞ்சமாவது அது இருக்கத்தான் செய்யும். பயப்படுவதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் உன் பயத்துக்கான விலையைப் பக்கத்தில் இருப்பவன் தலையில் கட்டாதே. நான் கட்டினேன். நீ மறுபேச்சில்லாமல் சுமந்தாய். சுமந்தாய் என்பதாலேயே மேலும் கட்டினேன். மறுபேச்சில்லாமல் வேலை செய்கிற பையன்கள் நாளை உனக்கும் வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்துபோன மறுநாள் காலையில் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்: "அன்னிக்கு அந்த ஏசி காரை ஓட்டினது என் பையன்தான்."

அவர் ஊடை நூல் ஓடுகிற நாடாவைத் தட்டிக்கொண்டே, "அது எனுக்குத் தெரியாதா சார்? நீங்கதான் தெரியாத மாதிரி குந்திகினு இருந்தீங்க" என்றார்.

"இல்ல, உங்ககிட்ட சொல்லிடணும்னு..."

"என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? நான் கண்ணாடிக்கு வெளிய இருந்தவன். உள்ள இருந்தவன்கிட்ட சொல்லுங்க. ஜல்தியா சொல்லுங்க, பிளேன் ஏறிடப்போறான்" என்றார். சொல்லிவிட்டு, உன் விலாசம் கேட்டார். அவரும் உனக்குக் கடிதம் போடுவாராம், பேத்தி எழுதித் தருவாளாம்.

மன்னித்துவிடு என்று எழுத இரண்டு முறை தொடங்கினேன். எழுதினால் நீ உடனே, "பரவால்ல நைனா" என்று சொல்லிவிடுவாய். எதையும் சுலபமாக விட்டுக்கொடுத்துவிடுகிற பிள்ளை நீ. அதனால் எழுதவில்லை. மூன்று வருஷம் எடுத்துக்கொள். அதற்கு மேலும் எடுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு நானே வண்டியை மெட்ராஸுக்கு ஓட்டிக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று தந்தி அடிக்காதே. நான் ஓட்டுகிற வேகத்துக்கு விடியுமுன்பே கிளம்பிவிடுவோம். மீனம்பாக்கத்தில் உன்னோடு புறப்படுகிற பையன்கள் இருப்பார்கள், ஏஜென்ட் இருப்பார், உன் ஒர்க்ஷாப் முதலாளியும் வருவார் என்றாய். அவர்களில் யாராவது என்னைக் காட்டி, இவர் யார் என்று உன்னிடம் கேட்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ சொல்வதுதான். ஊரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர் என்று நீ சொன்னாலும், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உன் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வருவேன்.

நைனா